157 செ.மீ. உயரத்துக்கு ட்ரயல்ஸ் சைக்கிள் ஃப்ரேம்: 20-ஆ, 24-ஆ, 26-ஆ?

லீட்ஸ்மழை

உயரம் 157 செ.மீ., எடை 52 கிலோ, காலின் உள்ளளவு 72 செ.மீ. யாரிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். லீட்ஸில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர் ட்ரயல்ஸ் (காலைத் தரையில் ஊன்றாமல் சைக்கிளில் தடைகளைத் தாண்டும் விளையாட்டு) கூட்டத்தோடு மரப் பேலட், பாறை, விழுந்த மரம் என்று எதையாவது ஏறிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஓட்டியதெல்லாம் இரவல் வாங்கிய 26 அங்குல சக்கர பைக். நின்ற இடத்தில் பேலன்ஸ் வருகிறது, முன்சக்கரத்தைத் தூக்கி பேலட் மேல் வைக்கவும் வருகிறது. பின்சக்கரத்தில் நின்று குதிக்கும்போதுதான் தகராறு. கை முழுக்க நீண்டுவிடுகிறது, அதற்கு மேல் இடுப்பைப் பின்னால் தள்ள வழியில்லை, முன்சக்கரம் பொத்தென்று விழுகிறது. கூட இருப்பவர்கள் எல்லோரும் "இன்னும் பின்னால் போ" என்கிறார்கள். எங்கே போவது, கைதான் முடிந்துவிட்டதே!

சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று ஒரு கடையில் விசாரித்தால், சீட்டே இல்லாத வண்டிக்கு என்ன சைஸ் என்று சிரிக்கிறார்கள். இன்னொருவர் மேல் டியூபைத் தாண்டி நிற்க முடிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு 26-ஏ போதும் என்றார். ட்ரயல்ஸ் ஃப்ரேமில் மேல் டியூப் முழங்கால் உயரத்தில் இருக்கிறது, அதை யார்தான் தாண்டி நிற்க மாட்டார்கள்? குட்டையானவர்கள் எதைப் பார்த்து ஃப்ரேம் எடுக்கிறீர்கள்? பழைய பைக் என்றாலும் பரவாயில்லை.

முட்டிசிராய்ப்பு

கண்ணை மூடிக்கொண்டு 24 எடுங்க. 2009-இல் எடின்பரோ தெருக்களில் ட்ரயல்ஸ் வீரர் டேனி மெக்காஸ்கில் வேலி மேலெல்லாம் ஓட்டினாரே, அது இன்ஸ்பயர்ட் கம்பெனியின் 24 அங்குல பைக்தான். இருபதுக்கும் இருபத்தாறுக்கும் நடுவில் இருப்பதால் குட்டையானவருக்கும் சரிவரும், பார்க்கவும் சைக்கிள் மாதிரி இருக்கும். பன்னி ஹாப், மேனுவல், 180 மாதிரி தெரு வித்தையெல்லாம் இதில்தான் சுகம். 20 அங்குலத்தில் போனால் தெருவில் பையன்கள் தங்களுடைய வண்டியைத் திருடிவிட்டீர்களா என்று கேட்பார்கள்.

கல்லுமேடு

தம்பி, மெக்காஸ்கில் ஓட்டுவது தெரு ட்ரயல்ஸ். நீங்கள் எழுதியிருப்பது பாறை, பேலட், பின்சக்கரக் குதி. அதற்கும் இதற்கும் ஃப்ரேமே வேறு. 24 அங்குல தெரு ஃப்ரேமில் பெடல் அச்சு (பெடல் கைகள் சுற்றும் நடு அச்சு) சக்கர அச்சுக்குக் கிட்டத்தட்ட சமமாக இருக்கும், அல்லது ஒன்றிரண்டு செ.மீ. மேலே. மொத்த எடை பத்துப் பதினொரு கிலோ வரும். 52 கிலோ ஆள் 11 கிலோ வண்டியைத் தூக்கிக் குதிப்பது, 80 கிலோ ஆள் 17 கிலோவைத் தூக்குவதற்குச் சமம், கணக்குப் போட்டுப் பாருங்கள். போட்டிக்கென்று செய்த 20 அங்குல பைக் எட்டு கிலோ சுற்றித்தான் வரும், சிலது அதற்கும் கீழே.

அப்புறம் 20 அங்குலம் பையன்கள் வண்டி என்பவர்களுக்காக ஒரு கதை. இந்த விளையாட்டு ஸ்பெயினின் கேட்டலோனியாவில் தொடங்கியதே அப்படித்தான். மான்டேசா மோட்டார் சைக்கிள் கம்பெனியில் இருந்த பேரே பீ, தன் மகன் ஓட் பீ மோட்டார் சைக்கிள் ட்ரயல்ஸ் நுணுக்கங்களைப் பழக ஒரு சின்ன சைக்கிளைச் செய்து கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் மான்டி என்கிற ட்ரயல்ஸ் சைக்கிள் கம்பெனி. மகன் பிறகு சைக்கிள் ட்ரயல்ஸில் உலக சாம்பியன் ஆனார், ஒரு தடவை இல்லை, பல தடவை. ஆக முதலில் வந்தது சின்ன உடம்புக்கு அளந்த வண்டி, பெரியவர்கள் ஏறிக்கொள்ளத்தான் அதை வருடா வருடம் நீட்டினார்கள். பெண்கள் பிரிவில் இன்றைக்கும் பெரும்பாலும் 20 அங்குலம்தான்.

லீட்ஸ்மழை

தம்பி இல்லை, தங்கச்சி :) கதைக்கு நன்றி. தெருவில் 180 சுற்றுகிற ஆசை எனக்கு இல்லை. பாறைதான் பிடித்திருக்கிறது, கிளப் போட்டிகளில் கடைசி இடத்துக்காவது நிற்க வேண்டும்.

பின்சக்கரம்

கடைக்காரர் சிரித்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. சூரிச்சிலும் இதேதான். வீல் சைஸைக் கேட்டு வண்டியைத் தள்ளிவிடுவார்கள். நான் இதை வேறு மாதிரிப் பார்ப்பேன்.

ட்ரயல்ஸில் நீங்கள் உட்காருவதே இல்லை. உடம்பு வண்டியைத் தொடுவது இரண்டு இடத்தில்தான், பெடலும் பாரும் (ஹேண்டில்பார்). ஆகவே உங்களுக்கு அளவு என்றால் பெடல் அச்சிலிருந்து கைப்பிடி எவ்வளவு முன்னே, எவ்வளவு மேலே என்பதுதான். மேல் டியூப் எங்கே போனால் என்ன. பின்சக்கரத்தில் நிற்கும்போது உங்கள் எடையும் வண்டியின் எடையும் சேர்ந்த மையம் பின் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கு நேர் மேலே வரவேண்டும். முன்பக்கம் நீளமாக இருந்தால் கை எட்டாதவர் அந்த இடத்துக்குப் போக ஒரே வழி, வண்டியை இன்னும் செங்குத்தாக நிமிர்த்துவது. நிமிர்த்தினால் சமநிலை கிடைக்கும், ஆனால் அங்கேயிருந்து முன்னே பாய மிச்சம் ஒன்றும் இருக்காது, உங்கள் கை ஏற்கெனவே நேராக, இடுப்பு ஏற்கெனவே கடைசியில். "இன்னும் பின்னால் போ" என்று கத்துகிறவர்கள் 180 செ.மீ. ஆட்களாக இருப்பார்கள், அவர்களுக்கு இது விளங்காது.

அடுத்து வீல்பேஸ். அதை இரண்டாக உடைத்துப் பாருங்கள். பின்சக்கர அச்சிலிருந்து பெடல் அச்சு வரை ஒரு பங்கு, பெடல் அச்சிலிருந்து முன்சக்கர அச்சு வரை இன்னொரு பங்கு. முதல் பங்கு, அதாவது செயின்ஸ்டே, வெல்டிங் முடிந்த அன்றே முடிந்துபோன விசயம், பிறகு என்ன பாகம் மாற்றினாலும் அது மாறாது. இரண்டாம் பங்கையும் மாற்ற முடியாது, ஆனால் அதன் மேலே பார் எங்கே உட்காருகிறது என்பதை ஸ்டெம் (பாரை ஃப்ரேமோடு இணைக்கும் துண்டு) வைத்து ஓரளவு இழுக்கலாம். ஓரளவுதான்.

பொதுவாகக் கண்ணில் படுகிற அளவுகள்: 20 அங்குலத்தில் வீல்பேஸ் 950களில் தொடங்கி 1010 மி.மீ. வரை, செயின்ஸ்டே 350-ஐ ஒட்டி. 26 அங்குலத்தில் வீல்பேஸ் 1070 முதல் 1090 வரை, செயின்ஸ்டே 380-ஐ ஒட்டி. இரவல் 26-இல் உங்களுக்குக் கை முடிந்துபோவதில் ஒரு மர்மமும் இல்லை.

அரைப்பெடல்

நான் 160 செ.மீ., பல வருடமாக 26 அங்குலம்தான் ஓட்டுகிறேன், அதனால் இந்த முடிவை இவ்வளவு சீக்கிரம் எழுதவேண்டாம். பெரிய சக்கரம் பாறை இடுக்கில் விழாது, முன்சக்கரம் விளிம்பில் இடித்தால் ஏறிவிடும், 20 அங்குலத்தில் அதே இடத்தில் நின்றுவிடும். வெட்ட வெளியில், கற்கள் குவிந்த ஓடைப் படுகையில் ஓட்டுகிறவருக்கு அது பெரிய விசயம். குட்டையானவர் என்றால் ஸ்டெமைச் சின்னதாக்குங்கள், அதன் அடியிலிருக்கும் ஸ்பேசர் வளையத்தை எடுங்கள், வேலை முடிந்தது. ஃப்ரேமையே மாற்றச் சொல்வது காசைக் கரைக்கிற யோசனை.

பின்சக்கரம்

வேலை எவ்வளவு முடிகிறது என்று கணக்குப் போட்டுவிடுவோமே.

ஹெட் டியூப் (முன் ஃபோர்க் நுழையும் குழாய்) கோணம் தரைமட்டத்திலிருந்து 72 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து 10 மி.மீ. ஸ்பேசரை எடுத்தால் பார் ஒன்பதரை மி.மீ. இறங்கும், கூடவே மூன்று மி.மீ. முன்னே போகும், ஏனென்றால் அந்தக் குழாய் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. கை எட்டவில்லை என்பவருக்கு இது பாதி உதவி, பாதி உபத்திரவம்.

ஸ்டெமில் 150 மி.மீ., 35 பாகை என்று எழுதியிருந்தால் தரைமட்டத்திலிருந்து அது 53 பாகை நிமிர்ந்து நிற்கும், ஹெட் டியூபின் சாய்வு 18 பாகையையும் கூட்டவேண்டும். அப்படியென்றால் பாரை 90 மி.மீ. முன்னேயும் 120 மி.மீ. மேலேயும் கொண்டுபோகிறது. அதே கோணத்தில் 130 மி.மீ. போட்டால் 78-உம் 104-உம். பார் 12 மி.மீ. பின்னே வந்து 16 மி.மீ. இறங்குகிறது. நல்ல மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் சிலர் நீளத்தை அப்படியே விட்டுக் கோணத்தை மட்டும் குறைத்து 150, 25 பாகை வாங்குவார்கள். பார் 18 மி.மீ. இறங்கும், ஆனால் 19 மி.மீ. முன்னே ஓடிவிடும். குட்டையானவர் செய்யக்கூடாதது இதுதான், கடைகளில் குட்டையானவருக்கு முதலில் நீட்டுவதும் இதைத்தான்.

ஆக ஸ்டெமில் ஒரு சென்டிமீட்டர் சொச்சம் பின்னே எடுக்கலாம். 26-க்கும் 20-க்கும் வீல்பேஸ் வித்தியாசம் எட்டு சென்டிமீட்டர், அதில் ஐந்தாவது முன்பக்கத்தில். அதை ஸ்டெம் எப்படி விழுங்கும்? அரைப்பெடல், உங்களுக்கு 26 சரிவருகிறது என்றால் உங்கள் கை நீளமாக இருக்கலாம். உயரம் ஒன்றேயானாலும் கை நீளம் ஆளுக்கு ஆள் மாறும். தங்கச்சி, நீங்கள் கையையும் வடிவாக அளந்து சொல்லுங்கள். தோள் மூட்டிலிருந்து, மூடிய கையில் பிடித்த பென்சில் வரை.

அரைப்பெடல்

அளந்தேன், 61. சட்டை வாங்கினால் கை எப்போதும் குட்டையாகத்தான் வரும், அம்மா குரங்குக் கை என்பார். சரி, என்னை உதாரணமாக எடுக்கவேண்டாம். ஆனால் 26 ஓடைப் படுகையில் நல்லது என்பதை வாபஸ் வாங்கவில்லை.

லீட்ஸ்மழை

எனக்கு 55. தோளகலம், மூட்டிலிருந்து மூட்டு, 34.

ஸ்பானர்பெட்டி

பழையது வாங்குகிற யோசனை என்றால் வேலை செய்கிறவன் பார்வையில் சிலது.

20 அங்குல ட்ரயல்ஸ் என்று சொன்னாலும் பின் ரிம் 19 அங்குலம்தான். பீட் அளவு (டயர் உட்காரும் இடத்தின் விட்டம்) 387 மி.மீ., பி.எம்.எக்ஸ். டயரின் 406 அதில் உட்காராது. பின்டயர் 2.5 அங்குல அகலத்தில் ட்ரயல்ஸுக்கென்றே வருவது, ஆகவே டயர் தேய்ந்த பைக்கை விலை குறைத்துக் கேளுங்கள். பின் ஹாப் (சக்கரத்தின் நடுப்பகுதி) அகலம் 20-இல் 116 மி.மீ., 26-இலும் பெரும்பாலான 24-இலும் 135. வெறும் ஃப்ரேமை மலிவாக எடுத்து வீட்டிலிருக்கிற சக்கரத்தைப் போடலாம் என்று நினைத்தால் அங்கேயே முட்டிக்கொள்ளும்.

ஃப்ரீவீல் (முன்னே அமுக்கினால் மட்டும் பிடிக்கும் பல்சக்கரம்) முன்னால் கிராங்கில், அதாவது பெடல் கையில், இருக்கும், பின்னால் இருக்காது. கையால் பின்னோக்கிச் சுற்றி, முன்னே அமுக்கிப் பாருங்கள், வழுக்கக் கூடாது. பின்சக்கரத்தில் நிற்கும்போது ஒருமுறை வழுக்கினால் தாடை பாரில்.

வெடிப்பு பார்க்கவேண்டிய இடம் ஹெட் டியூபும் கீழ் டியூபும் சேரும் வெல்டிங்கின் அடிப்பக்கம், பெடல் அச்சுக்குப் பின்னால் செயின்ஸ்டே தொடங்கும் இடம், பிரேக் பொருத்தும் இடத்தைச் சுற்றி. துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பெயிண்ட்டில் கோடு, ஓரத்தில் கறுப்பு அழுக்கு என்றால் வேண்டாம், அலுமினியம் வெடித்தால் வெல்ட் வைத்துப் பிழைக்கிற சமாசாரம் இல்லை. பெடல் அச்சுக்கு அடியில் இருக்கும் பாஷ் ப்ளேட் என்கிற காப்புத் தகட்டின் பக்கம் கீறல் இருப்பது சாதாரணம், அதற்காகப் பயப்படவேண்டாம். 52 கிலோ ஆளுக்குப் பழைய லேசான போட்டி ஃப்ரேம் பயமில்லாமல் ஓடும், 85 கிலோ ஆள் விற்றதாக இருந்தால் மட்டும் இரண்டு தடவை பாருங்கள்.

அப்புறம் ஒரு காசு செலவில்லாத வழி, பாரை வெட்டுவது. 720-இல் வரும் பாரை இரண்டு பக்கமும் 20 வெட்டி 680 ஆக்குங்கள். கை கிட்டே வந்துவிடும். ஃப்ரேம் மாற்றும் முன் ரம்பத்தை எடுங்கள் என்பேன்.

பின்சக்கரம்

ஃப்ரேம் பார்ப்பது பற்றி எழுதியதெல்லாம் தங்கம். பார் வெட்டுவதில் மட்டும் கொஞ்சம் பொறுங்கள்.

கை 55, தோள் 34. 720 பாரில் உள்ளங்கை நடுக்கள் 62 செ.மீ. இடைவெளியில் இருக்கும் என்று எடுத்தால், ஒவ்வொரு கையும் தோளுக்கு 14 செ.மீ. வெளியே. முன்னோக்கி எட்டும் தூரம் சுமார் 53.2. பாரை 680 ஆக்கினால் 12 செ.மீ. வெளியே, எட்டும் தூரம் 53.7. கிடைத்தது ஐந்து மி.மீ., ஒரு நல்ல கிரிப் தேய்ந்தால் வருகிற வித்தியாசம். "கை கிட்டே வந்துவிடும்" என்பது உணர்வுதான், அளவு அல்ல.

ஆனாலும் வெட்டுங்கள், வேறு காரணத்துக்காக. பின்சக்கரத்தில் நின்று பக்கவாட்டில் திருப்பும்போது வெளிப்பக்கக் கை தூரப் போகிறது. அகல பாரில் குட்டைக் கைக்காரர் அந்தக் கையை எட்டிப்பிடிக்கத் தோளையே சேர்த்துத் திருப்புவார், இடுப்பு கோணலாகும், சறுக்கும். 690, 680-இல் அது நிற்கும். ஒரே நாளில் வெட்டாமல் முதலில் கிரிப்பை உள்ளே தள்ளி ஓட்டிப் பாருங்கள். ரம்பத்துக்கு அவசரமில்லை.

ஸ்பானர்பெட்டி

ஐந்து மி.மீ. என்று எழுத்தில் படிக்கும்போது கோபம் வருகிறது, ஆனால் பேப்பரில் போட்டுப் பார்த்தேன், அப்படித்தான் வருகிறது. கிரிப்பை உள்ளே தள்ளுவது நல்ல யோசனை, பிரேக் லீவருக்கும் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

முட்டிசிராய்ப்பு

இங்கே கால்குலேட்டர் இல்லாமல் வரக்கூடாது போல. கிராங்க் பற்றி யாரும் பேசவில்லையே? என் தங்கை 155, அவளுக்கு 175 கிராங்கைக் கழற்றிவிட்டு 160 போட்டோம், பைக்கே வேறாகிவிட்டது என்றாள்.

கல்லுமேடு

கிராங்க் முக்கியம்தான். பெடல்கள் சமமாக நிற்கும்போது இரண்டு காலுக்கும் நடுவே 175-இல் 35 செ.மீ., 160-இல் 32 செ.மீ. 72 செ.மீ. காலுக்கு 35 என்பது கொஞ்சம் பிளந்து நிற்பதுதான், பின்முழங்கால் ஏற்கெனவே மடங்கியிருந்தால் குதிக்க மிச்சமில்லை. ஆனால் குட்டைக் கிராங்கில் அமுக்கும் பலம் குறையும், 170-இலிருந்து 160 போனால் அதே தள்ளலுக்கு ஆறு சதவீதம் கூடுதல் காலழுத்தம். 20 அங்குலத்தில் வழக்கமாக முன்னால் 18, பின்னால் 12 பல், பெடல் கிக் (பெடலை ஒரே அமுக்காக அமுக்கித் தாவுவது) அடிக்கக் கஷ்டமாக இருந்தால் பின்னால் 13 போடலாம். லேசான ஆள் என்பதால் தேவைப்படாமலும் போகலாம். 165-இல் தொடங்குங்கள்.

வீல்பேஸ் விசயத்தில் மட்டும் நான் பின்சக்கரத்தோடு முழுக்க ஒத்துப்போக மாட்டேன். 20 அங்குல ஃப்ரேம்கள் தொண்ணூறுகளிலிருந்து இன்றுவரை நீண்டுகொண்டே, பெடல் அச்சு உயர்ந்துகொண்டே வந்ததற்குக் காரணம் இருக்கிறது. முன்சக்கரத்தை உயரமான விளிம்பில் கொக்கி போடும்போது நீளமான வண்டி அவ்வளவு சீக்கிரம் தலைகீழாகப் புரளாது, இடைவெளி தாண்டும்போதும் முன்சக்கரம் அக்கரையில் முதலில் விழும். 1010 ஃப்ரேமை ஆரம்பத்தில் கஷ்டப்பட்டுப் பழகிக்கொண்டால் பிறகு வேறு வாங்கவேண்டியதில்லை. குட்டை ஃப்ரேம் முதல் வருடம் இனிக்கும், மூன்றாம் வருடம் கடுப்பேற்றும்.

இன்னொன்று. சிறுவர்களுக்கான 20 அங்குல ட்ரயல்ஸ் பைக் என்று தனியாக வருகிறது, அது வேறு. சக்கரம் அதே 20 என்றாலும் ஃப்ரேம் கணிசமாகக் குட்டை, கிராங்கும் குட்டை, பாகங்களும் 35 கிலோ பையனுக்கானவை. 145 செ.மீ.-க்குக் கீழே என்றால் யோசிக்கலாம், 157-க்கு வேண்டாம். விளம்பரத்தில் 20 என்று மட்டும் போட்டிருப்பார்கள், வீல்பேஸைக் கேட்டு வாங்குங்கள்.

லீட்ஸ்மழை

கேட்டு வாங்கினேன். அரை நாள் தூரத்தில் இரண்டு பழைய 20 அங்குல பைக் விற்பனைக்கு இருக்கிறது. விற்பவர்களிடம் டேப் வைத்து அளக்கச் சொன்னேன், ஒருவர் சலித்துக்கொண்டார், மற்றவர் படமே வரைந்து அனுப்பிவிட்டார்.

முதலாவது: வீல்பேஸ் 1010, செயின்ஸ்டே 350, பெடல் அச்சு சக்கர அச்சுகளைவிட 70 மி.மீ. மேலே. ஸ்டெம் 150, 35 பாகை. பளபளவென்று இருக்கிறது.

இரண்டாவது: வீல்பேஸ் 975, செயின்ஸ்டே 340, பெடல் அச்சு 45 மி.மீ. மேலே. ஸ்டெம் 130. பெயிண்ட் போயிருக்கிறது, விலை குறைவு.

கூட்டத்தில் ஒருவர் முதலாவதுதான் எனக்கு என்கிறார். பெடல் உயர்ந்திருந்தால் பின்சக்கரத்துக்குப் போவது சுலபம், அதனால் குட்டையானவருக்கு உயர்ந்த பெடல் அச்சு நல்லது என்கிறார். சரியா?

பின்சக்கரம்

பாதி சரி. பெடல் அச்சு உயர்ந்தால் வண்டியை நிமிர்த்தும்போது அது பின்சக்கரத்தை நோக்கி வேகமாக வரும், உண்மை. இரண்டிலும் எவ்வளவு என்று பார்ப்போம். முன்பக்கத்தை 30 பாகை தூக்கிய நிலையில், முதலாவதில் பெடல் அச்சு பின்சக்கர அச்சுக்கு 262 மி.மீ. முன்னே இருக்கும். இரண்டாவதில் 269. ஏழு மி.மீ. வித்தியாசம். 25 மி.மீ. உயர்த்தியதன் பலன் அவ்வளவுதான், ஏனென்றால் இரண்டாவதின் செயின்ஸ்டே குட்டை, அது பாதியை ஈடுகட்டிவிடுகிறது.

முன்பக்கம்? முதலாவதில் பெடல் அச்சிலிருந்து முன் அச்சு 667, இரண்டாவதில் 638. இருபத்தொன்பது மி.மீ. குட்டை. அதற்கு மேல் ஸ்டெம் வேறு 12 மி.மீ. பின்னே. 55 செ.மீ. கைக்கு நாலு சென்டிமீட்டர் என்பது ஏணியில் ஒரு படி எட்டுகிறதா இல்லையா என்கிற அளவு.

உயர்ந்த பெடல் அச்சுக்கு விலையும் உண்டு. இரண்டு சக்கரமும் தரையில் இருக்கும்போது உயரத்தில் நிற்கிறீர்கள், வண்டி பக்கவாட்டில் நடுங்கும், முன்னோக்கிச் சரிவு இறங்கும்போது தலைகுப்புற அழைக்கும். பழக்கமானவர் சமாளிப்பார். தொடக்கத்தில் 40, 50 நல்ல இடம். நான் இரண்டாவதை எடுப்பேன், பெயிண்ட்டைப் பற்றிக் கவலைப்படாமல்.

கல்லுமேடு

நான் முதலாவதை எடுத்து 130 ஸ்டெம் போடச் சொல்வேன். அந்த நாலு சென்டிமீட்டரில் 12 மி.மீ. அதில் வந்துவிடும், மிச்சத்தைப் பழக்கம் பார்த்துக்கொள்ளும். ஒத்துப்போகாமல் இருப்போம், பரவாயில்லை.

ஆனால் வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள், இதில் சண்டை இருக்காது. பின்பிரேக்கை இறுக்கிப் பிடித்து, பெடல்களைச் சமமாக வைத்து ஏறி நில்லுங்கள். ஒருவர் முன்சக்கரத்தைத் தூக்கி, பேலட் இரண்டின் உயரத்தில் பிடித்துக்கொள்ளட்டும். கையை நேராக நீட்டி, முழங்காலை மடித்து, இடுப்பைப் போகிற வரை பின்னால் தள்ளுங்கள். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று படம் எடுக்கட்டும். இடுப்பெலும்பிலிருந்து நேர்கீழே கோடு போட்டால் அது பின் அச்சுக்குப் பின்னால் விழவேண்டும். அச்சுக்கு முன்னால் விழுந்தால் அந்த ஃப்ரேம் நீளம், யார் என்ன சொன்னாலும். நான் உட்பட.

அரைப்பெடல்

இதை 26-இலும் செய்து பார்த்து ஒப்பிடுங்கள், இரவல் பைக் கையில்தானே இருக்கிறது. எண்ணை நம்பாதவர்களுக்குப் படம் உதவும்.

லீட்ஸ்மழை

மூன்றிலும் செய்தாயிற்று. 26-இல் கோடு பின் அச்சுக்கு ஒரு சாண் முன்னால் விழுகிறது, பார்த்துச் சிரித்துவிட்டோம். முதலாவதில் அச்சுக்கு நேராக, ஆனால் தோள்பட்டை காதைத் தொடுகிறது, கையை மடக்க இடமே இல்லை. இரண்டாவதில் நன்றாகப் பின்னால் போகிறது, முழங்கை கொஞ்சம் மடங்கியும் இருக்கிறது. விற்றவரே முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார், பாவம். ஸ்பானர்பெட்டி சொன்ன இடமெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தேன், கோடு எதுவும் இல்லை. ஃப்ரீவீல் வழுக்கவில்லை. பின்டயர் மொட்டை, அதற்கு விலை குறைத்துக்கொண்டார். வாங்கிவிட்டேன்.

ஒரே ஒரு தொல்லை. பின்னால் மகுரா ஹெச்.எஸ். 33 ரிம் பிரேக் இருக்கிறது. என் ஆள்காட்டி விரலின் நுனி மட்டும்தான் லீவரைத் தொடுகிறது, முழுக்க வளைத்துப் பிடிக்க முடியவில்லை, அரை மணி நேரத்தில் முன்கை இறுகிவிடுகிறது.

ஸ்பானர்பெட்டி

சின்னக் கைக்கு இது எப்போதும் வருவதுதான், ஃப்ரேமைப் பற்றியே பேசிக்கொண்டிருந்து எல்லோரும் இதை மறந்துவிடுவார்கள். முதலில் லீவர் கிளாம்பைத் தளர்த்தி உள்பக்கமாக, ஸ்டெமை நோக்கித் தள்ளுங்கள், விரல் லீவரின் நடுவில் விழாமல் வெளி நுனியில் விழவேண்டும், அங்கேதான் குறைந்த பலத்தில் பிடிக்கும். பிறகு லீவரில் சின்ன அல்லன் ஸ்குரூ ஒன்று இருக்கும், அதைத் திருப்பி லீவரை பார் பக்கம் கொண்டுவாருங்கள். கிட்டே வந்ததால் லீவர் கிரிப்பைத் தொடும் முன் பிரேக் பிடிக்காமல் போகலாம், அப்போது பேடை ரிம்முக்கு நெருக்கி வையுங்கள். ரிம் வளைவில்லாமல் இருந்தால் நூலிழை இடைவெளி போதும். ரிம்மை கிரைண்டரால் சொரசொரப்பாக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். வழுவழுவென்று தேய்ந்துபோயிருந்தால் லீவரை என்ன செய்தாலும் நீங்கள் தேவைக்கு மேல் அமுக்கிக்கொண்டுதான் இருப்பீர்கள். அதன் படத்தைப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.